கேட்டால்தான் கை

வினாயகமூர்த்தியின் கை சும்மா இருக்காது. நாவற்குடாவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை வந்த காரில் பெல்ட் தளர்ந்து கிடக்கிறதென்று பொனட்டைத் திறப்பார். செத்த வீட்டுக்குப் போனால் ஜெனரேட்டர் இழுத்து இழுத்து ஓடுகிறதென்று அதற்குப் பக்கத்தில் போய்க் குந்துவார். ஆள் கெட்டவர் இல்லை, சத்தியமாக இல்லை. லொறி உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். அரை நூற்றாண்டு தாண்டிய பெட்போர்ட் லொறியொன்றைப் பெற்ற பிள்ளைபோல வளர்க்கிறார். எந்த எஞ்சினுக்கும் சத்தத்தை வைத்தே நோய் சொல்லுவார். ஆனால் அடுத்தவனுடைய லொறி அடுத்தவனுடையது என்கிற சின்னச் சங்கதி மட்டும் அந்த மண்டைக்குள் ஏறவே ஏறாது.

அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு அப்துல் கபூர் ஹாஜியார் கடைக்கு வந்ததும் இதைப் பேசத்தான். ஹாஜியார் ஏறாவூரில் பேக்கரி முதலாளி. மட்டு வாவி பழைய லொறிக் கூட்டத்துக்குத் தலைவர். வந்தவர் கதிரையில் உட்காரவில்லை. நின்ற நிலையிலேயே தொடங்கினார்.

"மூர்த்தி, ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குப் புது ஆள் வருது. காத்தான்குடி ஸாதியா."

"தெரியும் ஹாஜியார். சீமெந்துக் கல்லு யாவாரம் செய்யிற புள்ள. லேலண்ட் வைச்சிரிக்கு."

"தெரிஞ்சா நல்லம். கல்லடிப் பொடியன் ஏன் எங்கள விட்டுப் போனான்?"

வினாயகமூர்த்தி கண்ணாடி அலுமாரியைத் துடைத்தார்.

"அவன் தேத்தண்ணி குடிச்சிக்கொண்டு நிக்கக்குள்ள நீ அவன்ட காபரேட்டரைக் கழட்டிப் போட்டாய். அந்த பேங்க் மெனேஜர் ஏன் போனார்? மனிசன் கக்கூசுக்குப் போயிற்று வாறதுக்குள்ள நீ..."

"எஞ்சினுக்குள்ள டெப்பட் சத்தம் போட்டது ஹாஜியார். மெய்யாத்தான்."

"போடட்டும்! அது அவர்ர டெப்பட்!" ஹாஜியார் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "எல்லாரும் பேசி முடிச்சாச்சு. இந்தப் புள்ளையும் உன்னால போச்செண்டா, மறுகா நீயும் வர ஒண்ணா. உனக்கு ஓட்டம் இல்ல."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வினாயகமூர்த்தி கையில் துணியோடு அப்படியே நின்றார். கிழமை முழுக்க அவர் கடை திறப்பதே ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். வரிசையாகப் பழைய லொறிகள் புகை கக்கிக்கொண்டு வாவிக் கரையால் போக, அதில் தன்னுடைய பெட்போர்ட்டும் ஒன்றாகப் போக வேண்டும். அது இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் அவர் என்ன செய்வார்? வீட்டுத் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் பூட்டுவார். அது ஏற்கெனவே பலமுறை கழற்றிப் பூட்டின பம்ப்.

கூட்டத்தில் சேருவதற்குச் சடங்கு சம்பிரதாயம் எதுவும் கிடையாது. ஒரேயொரு சட்டம்தான். ஹாஜியாரின் பென்ஸ் லொறியின் பின்பலகையில் அதைச் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும்: கேட்டால்தான் கை. வழியில் ஒரு லொறி நின்றால் எல்லா லொறிகளும் நிற்கும். எல்லாரும் இறங்கி வருவார்கள். வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். உரியவர் வாய் திறந்து, "ஒரு கை தாங்க" என்று கேட்கும்வரை கையும் நீளக்கூடாது, யோசனையும் சொல்லக்கூடாது. கேட்டுவிட்டாலோ ஒருவரும் நிற்க மாட்டார்கள், விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். புதிதாக வந்தவர் முதல் தடவை அப்படிக் கேட்கிற நேரம் எல்லா லொறிகளிலும் ஹோன் அடிப்பார்கள். அன்றிலிருந்துதான் அவர் கூட்டத்தில் ஒரு ஆள்.

இந்தச் சட்டத்தைப் போட்ட அன்றைக்கு வினாயகமூர்த்தியும் இருந்தார், கை தூக்கி ஆதரித்தும் இருந்தார். பெட்போர்ட் வழியில் நின்றால் அடுத்தவர் இறங்கி வருவதற்குள் அவரே சரிப்படுத்தி முடித்திருப்பார். கேட்க வேண்டிய தேவை தனக்கு வந்ததே இல்லை என்பது அவருடைய கட்சி.

ஹாஜியாரிடம் அவர் சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்று இருந்தது. அதற்கு முந்தின நாள்தான் ஸாதியா பெல்ட் வாங்கக் கடைக்கு வந்திருந்தாள். வாசலில் நின்ற லேலண்டைச் சுற்றிப் பார்த்தவரின் கண், டீசல் டாங்கியின் வாயில் போய்க் குத்தியது. தேய்ந்துபோன பழைய மூடி; அதைச் சுற்றி ஒரு துணி. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்குள் ஓடிப்போய்ச் சாவி போட்டுப் பூட்டுகிற பளபளப்பான புது மூடியொன்றைக் கொண்டுவந்தார்.

"வேணாம் அண்ணன். இது நல்லாத்தான் ஓடுது," என்றாள் அவள்.

"சும்மா இரு புள்ள. இது நான் தாற அன்பளிப்பு. துணியக் கட்டிக்கொண்டு திரியாத."

சொல்லிக்கொண்டே பூட்டியும் விட்டார். அன்பளிப்புக் கொடுப்பது வேறு, கை வைப்பது வேறு என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லொறிகள் நாவற்குடாவில் வந்து கூடின. புது ஆள் வருகிற நாளில் அவருடைய லொறிதான் முன்னுக்குப் போகும். அவர் போகிற வேகம்தான் எல்லாருக்கும் வேகம், அன்றைக்கு வழி நெடுக அவர் சொல்தான் சொல். ஸாதியா லேலண்டை நிப்பாட்டி இறங்கி வந்தாள். நாற்பது வயதிருக்கும். தலைத் துணியை ஒழுங்காகச் செருகியிருந்தாள். சீமெந்தில் ஊறிக் காய்த்த கைகள். வந்தவள் கூச்சம் ஒன்றும் படவில்லை.

"நான் ஸாதியா. கல்குடாக்குப் போவம். மெதுவாத்தான் போவன், பின்னால நிண்டு ஹோன் அடிச்சா இன்னும் மெதுவாப் போவன்."

எல்லாரும் சிரித்தார்கள். வினாயகமூர்த்திக்கும் அந்தப் பேச்சுப் பிடித்துக்கொண்டது. நல்ல ஆள், போகவிடக் கூடாது என்று மனதுக்குள் நினைத்தார்.

கஜானி அன்றைக்குப் பெட்போர்ட்டில் ஏறிக்கொண்டாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவள். கூட்டத்தில் ஓடுகிற அவளுடைய ஒஸ்டின் லொறி பெயின்ட் அடிக்கப் போயிருந்தது. ஹாஜியார் அவளைக் காவலுக்கு அனுப்பியிருக்கிறார் என்பது வினாயகமூர்த்திக்கு விளங்காமல் இல்லை. ஏறி உட்கார்ந்ததும் அவள் ஒரு பை கச்சான் கடலையை அவருக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள்.

"இது என்னத்துக்கு?"

"உங்கட கைக்குத்தான் மாமா. லொறி எங்கயும் நிண்டா, இதை உடைச்சுக்கொண்டு நிக்கலாம்."

"போ புள்ள, உனக்குப் பகிடி."

பட்டணம் தாண்டி, வாவியை ஒட்டிய வீதியால் லொறிகள் போயின. எதிரே வந்த பஸ்காரர்கள் கையைக் காட்டினார்கள். ஏறாவூரில் பேக்கரி வாசலில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள். வினாயகமூர்த்தியின் காது மட்டும் முன்னால் போகிற லேலண்டிலேயே இருந்தது. நல்ல எஞ்சின். ஒழுங்காகப் பார்த்து வைத்திருக்கிறாள். மனதாரச் சந்தோசப்பட்டார்.

வந்தாறுமூலை கழிந்ததும் அந்தச் சத்தம் மெலிந்தது. அவருடைய முதுகு நிமிர்ந்தது.

"கஜானி, கேக்குதா?"

"எனக்கு ஒண்டும் கேக்கல்ல. உங்களுக்கும் கேக்கல்ல."

இரண்டு பக்கமும் வயல் வட்டை, விதைத்து முளைத்த பச்சை. அதன் நடுவே லேலண்ட் ஒரு இருமல் இருமியது, இன்னொரு தடவை இருமியது, பிறகு வீதி ஓரத்தில் ஒதுங்கி அடங்கிப்போய் நின்றது. பின்னால் எல்லா லொறிகளும் நின்றன. எல்லாரும் இறங்கி வந்து அரை வட்டமாக நின்று கையைக் கட்டிக்கொண்டார்கள். கஜானி கச்சான் பையை வினாயகமூர்த்தியின் கையில் திணித்தாள்.

காற்றுப் பிடித்துவிட்டது. டீசல் குழாய்க்குள் காற்று. வேறு என்ன? அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. ஒரு திருகாணியைத் தளர்த்திக் கையால் பம்ப் அடித்தால் நுரை வரும். நுரை போய் வெறும் டீசல் வந்ததும் இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. தேத்தண்ணி ஆறுமுன்னம் முடிகிற வேலை. சொல் நாக்கு நுனியில் வந்து நின்று குதித்தது. தொண்டையைச் செருமினார்.

"மாமா, செருமிச் சொல்லவும் ஏலாது," என்றாள் கஜானி.

ஸாதியா பொனட்டைத் திறந்தாள். அவர் நினைத்த திருகாணியைத்தான் முதலில் தளர்த்தினாள். வினாயகமூர்த்தி கச்சானை நசித்தார். அவள் பம்பை அடித்தாள். டீசல் வரவில்லை. நுரையும் வரவில்லை. இன்னும் அடித்தாள். கை அடிக்க, உள்ளே எதுவோ திரும்பப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது போலும். நிப்பாட்டிவிட்டுக் கையைப் பார்த்தாள்.

வேகமாக அடி புள்ள, வேகமாக அடி! வினாயகமூர்த்தி வாய்க்குள் கத்தினார். ஒருவருக்கும் கேட்காது, ஆனால் முகம் சிவந்துவிட்டது. கையிலிருந்த கச்சான் கோதும் பருப்புமாகத் தூளாகிக் கால் சப்பாத்தில் கொட்டியது.

ஸாதியா அவசரப்படவில்லை. சக்கரத்தில் சாய்ந்து நின்று வீதியைப் பார்த்து யோசித்தாள். இத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே என்கிற பதற்றம் அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை. தன்னிடமே கதைப்பதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"காலையில குச்சி விட்டுப் பார்த்தன், டீசல் இரிக்கு. போன மாசம் பொலன்னறுவை போய் வந்த, ஒரு கரைச்சலும் இல்ல. அதுக்குப் பிறகு என்ன மாறினது?"

கிறுகித் திரும்பி டாங்கிப் பக்கம் நடந்தாள். இடுப்பிலிருந்த சிறிய சாவியை எடுத்தாள். பளபளத்த அந்தப் புது மூடியில் போட்டுத் திருகினாள்.

புஸ்ஸ்ஸ் என்று டாங்கி மூச்சை உள்ளுக்கு இழுத்தது. உள்வாங்கியிருந்த தகரம் டொங்கென்று திரும்ப எழும்பியது. அந்தச் சத்தம் வட்டையின் அந்தக் கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

பழைய லொறிக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. டீசல் இறங்க இறங்க டாங்கிக்குள் காற்றுப் போக வழி வேண்டும். பழைய மூடியில் துணி இடுக்கால் போய்க்கொண்டிருந்தது. புது மூடி காற்றுப் புகாமல் இறுக்கமாக அடைக்கிற சாதி. வாயைக் கட்டிவிட்டு ஓடு என்றால் எந்த எஞ்சின் ஓடும்?

வினாயகமூர்த்திக்குக் காது இரண்டும் சூடாகிப்போயின. காற்றுப் பிடித்ததாம்! காற்றே இல்லாமல் அல்லவா நின்றிருக்கிறது. உதிரிப்பாகக் கடைக்காரர், இந்த மூடியை இந்த டாங்கிக்குப் போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாரா? இல்லை. துணி கண்ணைக் குத்தியது, கை நீண்டுவிட்டது.

"எங்க மகள் வாங்கின இந்த மூடிய?" ஹாஜியார் கேட்டார்.

ஸாதியாவின் பார்வை ஒரு கணம் வினாயகமூர்த்தியில் பட்டுத் திரும்பியது. "ஒராள் அன்பளிப்பாத் தந்தது, காக்கா," என்றாள் ஹாஜியாரிடம்.

அப்படியே விட்டிருக்கலாம். அவள் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பெட்போர்ட் வரிசையில் போகும். வினாயகமூர்த்தி கையிலிருந்த கச்சான் தூளைத் தட்டினார். ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தான் ஹாஜியார் குடுத்த. அவ கேட்கயில்ல. வேணாமெண்டும் சொன்ன. நான்தான் பூட்டி விட்ட."

ஹாஜியார் தாடியைத் தடவினார். முகத்தில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது. "மூர்த்தி, நான் வெள்ளிக்கிழமை சொன்ன கதை..."

"காக்கா," ஸாதியா இடைமறித்தாள், "இண்டைக்கு வழியில என்ட சொல்லுத்தானே?"

"ஓம் மகள்."

"அப்ப அந்தக் கதைய வழியில கதைக்க வேணாம். கல்குடா போய்ச் சேருவம்." அவள் வினாயகமூர்த்தியிடம் திரும்பினாள். "அண்ணன், பழைய மூடிய வீட்ட வைச்சிற்று வந்திற்றன். உங்கட தோளில கிடக்கிற துணியத் தாங்க. வாயில கட்ட வேணும். ஒரு கை தாங்க."

வினாயகமூர்த்தி தோள் துணியை உருவினார். அவள் ஒரு பக்கம் பிடிக்க, அவர் டாங்கியின் கழுத்தில் சுற்றிக் கட்டினார். முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து இன்னொரு தடவை கட்ட விரல் துடித்தது, அடக்கிக்கொண்டார். அதற்குள் ஹாஜியார் தன் பென்ஸுக்குப் போய் ஹோனை அழுத்தினார். மற்றவர்களும் ஓடிப்போய் அழுத்தினார்கள். வட்டையில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. ஸாதியா பல் தெரியச் சிரித்துக்கொண்டே போய்ப் பம்ப் அடித்து, டீசல் வந்ததும் திருகாணியை இறுக்கினாள். கூட்டத்துக்கு ஒரு ஆள் கூடிவிட்டது.

கல்குடாவில் கடற்கரை மர நிழலில் ஹாஜியாரின் பாணும் மீன் கறியும் பரிமாறினார்கள். வினாயகமூர்த்தி ஒரு துண்டுப் பாணைப் பிட்டு வைத்துக்கொண்டு தள்ளி இருந்தார். கறி இறங்கவில்லை. ஸாதியா போகவில்லைதான், ஆனால் போவதற்கு எல்லா நியாயமும் அவர் தன் கையாலேயே செய்து கொடுத்திருக்கிறார். நாளைக்கு வீட்டிலிருந்து யோசித்துப் பார்த்து, இந்தத் தொல்லை எனக்கு எதற்கு என்று அவள் நினைத்தால்? அதோடு அவருடைய ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று.

சாப்பாடு முடிந்ததும் சாவி மாற்றுகிற நேரம் வந்தது. புது ஆள் தனக்குப் பிடித்த ஒருவரிடம் சாவி கேட்பார். திரும்பும்போது அவர் லொறியை இவர் ஓட்ட, இவர் லொறியை அவர் ஓட்டுவார். இது கூட்டத்தின் வழக்கம். எல்லாரும் தங்கள் சாவிகளை எடுத்துக் குலுக்கினார்கள். ஹாஜியார் தன் பென்ஸின் பெருமை பேசத் தொடங்கினார். ஸாதியா கையைக் கழுவிவிட்டு நேரே வினாயகமூர்த்தியிடம் வந்தாள்.

"சாவி."

"என்டயா?"

"உங்கடதான்."

"புள்ள, என்னால நடு வட்டையில நிண்ட நீ."

"ஓம், அதில எனக்குக் கோவந்தான். இல்லையெண்டு பொய் சொல்ல மாட்டன். வேணாமெண்டு சொன்னா வேணாந்தான் அண்ணன், இனி விளங்கிக்கொள்ளுங்க. ஆனா வாயத் திறந்து நான்தான் எண்டு சொன்னீங்க. அப்பிடிச் சொல்லுற ஆளிட்ட என்ட லொறியக் குடுக்கலாம். இந்தாங்க சாவி. உங்கடதத் தாங்க."

பெட்போர்ட்டின் சாவியை இதுவரை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. கேட்ட ஆளும் இல்லை. பையிலிருந்து எடுத்து, ஒரு தடவை பார்த்து, அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"ரெண்டாவது கியர் போடக்குள்ள..." என்று தொடங்கினார்.

ஸாதியா காத்து நின்றாள்.

"நீயே கண்டுபிடி," என்று முடித்தார்.

லேலண்டில் ஏறி உட்கார்ந்தார். கஜானி மறுபக்கத்தால் ஏறிக் கச்சானின் மிச்சத்தை மடியில் வைத்தாள். முன்னால் பெட்போர்ட் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. பின்னால் ஒவ்வொரு லொறியாக உறுமத் தொடங்கியது. வினாயகமூர்த்தி சாவியைப் போட்டுத் திருகினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு தடவை திருகினார். எஞ்சினை நிப்பாட்டுகிற குமிழைப் பார்த்தார்; உள்ளேதான் இருந்தது. இறங்கிப் போய்ப் பற்றரியைப் பார்த்தார். வயர் இறுக்கமாக இருந்தது. ஏறி ஹோனை அழுத்தினார். ஹோனும் ஊமை. இழுக்கிற எஞ்சின், இருமுகிற எஞ்சின், தட்டுகிற எஞ்சின் எல்லாவற்றுக்கும் அவரிடம் காது இருந்தது. சத்தமே இல்லாத லொறியில் எந்தக் காதை வைப்பது?

"கஜானி..."

கஜானி ஒரு கச்சானை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாது மாமா. தெரிஞ்சாலும் சட்டம் சட்டந்தான்."

பின்னால் லொறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. கதவுகள் திறந்தன. எல்லாரும் இறங்கி வந்து அரை வட்டமாக நின்று கையைக் கட்டிக்கொண்டார்கள். பெட்போர்ட்டிலிருந்து ஸாதியாவும் இறங்கிவந்து அந்த வட்டத்தில் ஒரு ஆளாக நின்றாள். ஹாஜியார் தென்னை மரத்தில் குரும்பை எத்தனை என்று பார்க்கிறவர்போல மேலே பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும், ஒரு கோபத்தையாவது காட்டியிருக்கலாம்.

இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிப்பார், அதில் அவருக்குச் சந்தேகமில்லை. டேஷ்போர்டைக் கழற்றி, வயரைப் பிடித்துக்கொண்டே போனால் எங்காவது அகப்படும். கை தானாகவே முன்னுக்கு நீண்டது. நீண்ட கையை அவர் பார்த்தார். இது அவளுடைய டேஷ்போர்ட்.

கையை மடக்கி மடியில் வைத்தார்.

"ஒரு கை தாங்க," என்றார். அது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க மாமா," என்றாள் கஜானி. அவளுடைய குரலில் இப்போது பகிடி இல்லை.

வினாயகமூர்த்தி ஜன்னலால் தலையை வெளியே நீட்டினார். "ஸாதியா! எனக்குத் தெரியல்ல புள்ள! ஒரு கை தாங்க! எல்லாரும் ஒரு கை தாங்க!"

ஓடி வந்தார்கள். வட்டம் உடைந்து, எல்லாரும், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாஜியாரும், மணலில் செருப்புப் புதையப் புதைய அவரை நோக்கி ஓடி வந்தார்கள். இத்தனை வருடமும் அந்த ஓட்டத்தில் முதல் ஆளாக ஓடியவர் அவர். உள்ளே இருக்கிறவருக்கு அந்தக் காட்சி எப்படி இருக்கும் என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவ்வளவு பேரும் தன்னைப் பார்த்து ஓடி வருவது அவருக்குத் தாங்கவில்லை.

ஸாதியா படியில் ஏறி, சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். டக்.

"கள்ளனுக்குப் பயந்து நான் வைச்ச சுவிட்ச், அண்ணன். இப்ப திருகிப் பாருங்க."

லேலண்ட் உறுமி எழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். ஹாஜியார் மட்டும் கிறுகி மணலில் திரும்ப நடந்தார். வெள்ளிக்கிழமைக் கதையை இப்போது சொல்லப் போகிறாரா?

பென்ஸின் கதவு திறந்தது. ஹோன் நீளமாக ஒலித்தது.

கணப்பொழுது ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று: வினாயகமூர்த்தி இன்றைக்குத்தானே வாய் திறந்து கேட்டிருக்கிறார். மற்றவர்களும் தங்கள் லொறிகளுக்கு ஓடினார்கள். ஒவ்வொரு ஹோனாகச் சேர்ந்தது. கஜானி கை நீட்டி லேலண்டின் ஹோனையும் அழுத்தினாள். எல்லாவற்றுக்கும் மேலால் முன்னுக்கிருந்து ஒரு தடித்த குரல் கேட்டது. அது பெட்போர்ட். ஸாதியா அழுத்திக்கொண்டிருந்தாள். தன்னுடைய லொறியின் ஹோனை வெளியே இருந்து அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

கண் நிறைந்து வழிந்தது. துடைக்கத் தோளில் கை வைத்தார். துணி அங்கே இல்லை. அது லேலண்டின் டாங்கி வாயில் கட்டிக் கிடந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு முதல் கியரைப் போட்டார்.